கடைசிக் கழுவல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை குஞ்சு அறையின் அடுப்பில் தீ பிடிக்கவில்லை. கேஸக்கா லைட்டரை ஏழு தடவை அழுத்திப் பார்த்தாள். வாயு வந்தது, சத்தம் வந்தது, தீ மட்டும் வரவில்லை. எட்டாவது தடவை ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்பது போல உள்ளே போய்விட்டது.

பண்ணையில் எல்லாருக்கும் அவள் கேஸக்கா. அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் அச்சடித்திருந்தது. அதை வாசல் காவலாளிகூட எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. இறைச்சிக் கோழி வளர்க்கும் நாலு ஷெட், ஒரு தீவனக் கிடங்கு, ஒரு குஞ்சு அறை, இவற்றுக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் பத்தாயிரம் லிட்டர் எரிவாயுத் தொட்டி. அந்தத் தொட்டி அவளுடையது. முதலாளி கட்டியது என்பதெல்லாம் பேச்சுக்கு. கோழி எருவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விடுவது, உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடுவது, அந்த வாயுவில் குஞ்சு அறை அடுப்பு எரிவது, இவ்வளவுதான் சங்கதி. ஆனால் பொரித்த மறுநாளே பெட்டியில் வந்து இறங்கும் குஞ்சுகள் அந்தச் சூடு இல்லாமல் ஒரு பொழுது தாங்காது. பதினோரு வருடத்தில் அவள் அதைத் தொட்டி என்று சொன்னதே இல்லை. வயிறு என்பாள்.

வயிற்றுக்கு வேளை தவறாமல் சாப்பாடு. காலை ஆறரைக்கு நாலு வாளி எரு, எட்டு வாளி தண்ணீர். இறகு, மரத்தூள் உருண்டை, கல் எல்லாவற்றையும் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நீள நோட்டில் எழுதுவாள்: எத்தனை வாளி, என்ன தண்ணீர், புளிப்பு பார்க்கும் சோதனைத் தாள் என்ன நிறம், தீ எப்படி. "தீ நீலம்" என்று எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

இந்தக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறு தண்ணீருக்குப் பதில் காற்றை விட ஆரம்பித்ததும் பண்ணையே தவித்தது. கேஸக்கா தவிக்கவில்லை. ஒரு பேட்ச் கோழி விற்றுப் போனதும் ஷெட்டை நுரை மருந்து போட்டுக் கழுவுவார்கள் இல்லையா, அதில் கடைசியாக அலசிவிடும் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடிவரும். அதை வீணாக்காமல் மூன்று டிரம்மில் பிடித்து வைத்து எருவைக் கரைத்தாள். முதலாளி எல்லார் முன்னாலும் அவளைக் காட்டி, இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்போது தீ இல்லை. தொட்டியின் வெளிவாயில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் அந்த நாற்றம் அவளுக்கு வீட்டு வாசனை, அதைக் காணோம். புளித்துப்போன ஒரு வாடை அடித்தது. சோதனைத் தாளை நனைத்தாள். பச்சையில் நிற்க வேண்டியது மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. இன்னொரு தாளை நனைத்தாள், அதுவும் மஞ்சள்.

முதலாளி கெட்டவர் இல்லை, பொறுமை இல்லாதவர். வந்தார், பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"இருபது நாள்ல குஞ்சு வருது. அதுக்குள்ள எரிஞ்சா சரி. இல்லேன்னா சிலிண்டர் போட்டுக்கிட்டு இந்தக் குழிய மூடிடுவோம். உங்களுக்குத் தீவனக் கிடங்குல வேலை தர்றேன்" என்றார்.

குழி என்றார். கிடங்கு வேலைகூட அவளுக்கு உறைக்கவில்லை, அந்தக் குழி என்ற சொல்தான் சுருக்கென்று குத்தியது. வாய்க்குப் பேர்போனவள், அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வருவாள். தொட்டிக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அவள் படிப்பு. கேஸக்கா ஆரம்பத்தில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாத்தத்தைப் படித்துப் பட்டம் வாங்கப் போகிறாயா என்று கிண்டல் வேறு. ஆனால் "வயிறு"தான் சரியான சொல் என்று அந்தப் பெண் முதல் நாளே ஒப்புக்கொண்டதால் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. செய்தி கேட்டு மறுநாளே ஓடிவந்தாள். கரைசலை எடுத்துப் போனாள். அடுத்த நாள் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று போன மாதம் எடுத்தது: கறுப்புப் பின்னணியில் நீலப்பச்சையாக மின்னும் புள்ளிகள், ஏராளம். வாயு விடும் கூட்டம் அது. ஒரு தனி விளக்கைப் போட்டால் அப்படி மின்னுமாம். இன்னொன்று நேற்று எடுத்தது. அதில் கறுப்பு மட்டும் இருந்தது.

"அக்கா, எருவ உடைச்சு அமிலமாக்குற கூட்டம் உள்ள இன்னும் இருக்கு. அது முரட்டுக் கூட்டம், எதையும் தாங்கும். அந்த அமிலத்தத் தின்னு கேஸாக்குற கூட்டம்தான் போயிடுச்சு. ஆக்கிப் போட ஆள் இருக்கு, சாப்பிட ஆள் இல்ல. அதான் புளிக்குது" என்றாள்.

அப்புறம் கோழி எருவின் குணத்தைப் பற்றி விளக்கினாள். அதில் அமோனியா கூடுதல். சாதாரணத் தொட்டியில் வாழும் உயிர்கள் அதில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பதினோரு வருடம் அதே சாப்பாட்டைத் தின்று பழகிய இந்தத் தொட்டியில் ஒரு ஜோடி உருவாகியிருந்தது. ஒன்று அமிலத்தை உடைத்துக் கொடுக்கும், மற்றது அதை வாங்கி வாயுவாக்கும். தனியாக விட்டால் இரண்டில் ஒன்றும் பிழைக்காது. பெருகுவதும் ஆமை வேகம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்தது. கேஸக்காவுக்கு ஏனோ எரிச்சலாக வந்தது, போதும் போதும் கதை, மருந்து என்ன சொல்லு என்றாள்.

"உள்ள ஏதாவது கிருமிநாசினி போச்சாக்கா?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேஸக்கா பிடித்துக்கொண்டாள். தன் கையால் பொறுக்காமல் ஓர் இறகுகூட உள்ளே போனதில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அந்தப் பெண் ஐஸ் பெட்டியை மூடினாள்.

கேஸக்கா தன் வழியில் இறங்கினாள். பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து இரண்டு டிரம் சாணக் கரைசல் வாங்கி வந்து தொட்டிக்குள் ஊற்றினாள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதானே, பிடித்துக்கொள்ளும் என்று நம்பினாள். நாலு நாள் காத்திருந்ததுதான் மிச்சம். மாட்டு வயிற்றில் சொகுசாக இருந்த உயிர்களுக்குக் கோழி எருவின் காரம் தாங்கவில்லை. பழக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும் என்று ஆராய்ச்சிக்காரப் பெண் போனில் சொன்னாள். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்: இந்தத் தொட்டிக் கரைசலை எப்போதாவது, யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? வெறும் கோழி எருவே போட்டு எங்கேயாவது அது உயிரோடு இருந்தால் பிழைக்க வழி உண்டு.

கேஸக்கா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பொய். கொடுத்திருக்கிறாள். ஒரே ஓர் ஆளுக்கு.

அவளுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு. ஒன்பது வயது இளையவள். வீட்டில் சின்னவள் என்றால் அவள்தான். அவளையும் இதே பண்ணையில் இதே தொட்டியில் உதவிக்குச் சேர்த்துவிட்டவள் கேஸக்காதான். சின்னவளுக்குத் தாராளக் கை. யார் சாப்பிட வந்தாலும் போதும் போதும் என்று தட்டை மறைக்கிற வரைக்கும் போடுவாள். எரு போடும்போதும் அப்படித்தான், வாளி தளும்பத் தளும்ப வரும். கை நிதானம் தெரியாத கை என்று அக்கா திட்டாத நாள் கிடையாது. சின்னவளுக்குக் கல்யாணமானபோது எல்லாரும் பாத்திரமும் புடவையும் கொடுக்க, அக்கா கொடுத்தது ஒரு டிரம் தொட்டிக் கரைசல். மாப்பிள்ளை வெல்டிங் வேலை செய்கிறவர், வீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகட்டில் சின்னத் தொட்டி ஒன்று செய்திருந்தார். கல்யாண வீட்டு வாசலில் அந்த டிரம் வந்து இறங்கியபோது சம்பந்தி வீட்டார் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஒரு வருடம் சிரித்தார்கள்.

அதோடு சிரிப்பு முடிந்தது. ஆறு வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒரு கோடையில் கேஸக்கா மூன்று நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினாள். தீ இல்லை. அந்த மூன்று நாளும் எரு போட்டது சின்னவள். அதற்கு மேல் விசாரணை எதற்கு? முதலாளி முன்னால், வேலையாட்கள் முன்னால், இவள்தான் அள்ளிக் கொட்டி வயிற்றைக் கெடுத்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். நாலு வாளிதான் போட்டேன், எண்ணித்தான் போட்டேன் என்று சின்னவள் அழுதாள். யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? முதலாளி மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாதமே சின்னவள் கணவனோடும் அந்தச் சின்னத் தொட்டியோடும் தொலைவூருக்குக் குடிபோய்விட்டாள். தொட்டியைப் பட்டினி போட்டு, அது தானாகத் தேறி வர நாலு மாதம் ஆனது. அக்கா தங்கை பேச்சு மட்டும் தேறவில்லை. ஒரு சாவு வீட்டிலும் இரண்டு கல்யாண வீட்டிலும் எதிரெதிரே நின்று, பார்க்காத மாதிரி போய்விட்டார்கள்.

அவளிடம் போய் நிற்பதா? கேஸக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் பழைய நோட்டை எடுத்தாள். அந்த முறை எந்தத் தேதியில் என்ன செய்தோம், எதில் தேறியது, அதைப் பார்த்து அப்படியே செய்யலாமே என்ற எண்ணம். தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு மத்தியான வெயிலில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

தன் கையெழுத்து. வெளியூர் போவதற்கு முதல் நாள். "கிணற்றில் தண்ணீர் இல்லை. மூணாம் ஷெட் கழுவிய கடைசித் தண்ணீர் மூணு டிரம் பிடித்து வைத்தாச்சு. அதில் கரைக்கும்படி தங்கச்சியிடம் சொல்லியாச்சு." அதற்குக் கீழே, நாலு நாள் கழித்து: "தீ இல்லை. தங்கச்சி அதிகம் போட்டாள்."

இரண்டு வரிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. ஆறு வருடமாக அந்த நோட்டு அவள் அலமாரியில்தான் இருந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு முதலாளி புதுக் கிணறு போட்டுவிட்டார், கழுவின தண்ணீருக்குத் தேவையே வரவில்லை. இந்தக் கோடையில்தான் மறுபடியும் பிடித்தாள். பிடித்து ஒரே வாரத்தில் தீ போயிற்று. இந்த முறை எரு போட்டது யார்? அவளே. எண்ணி, நாலு வாளி.

அவள் எழுந்து மூலையில் நின்ற டிரம்மைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு சாண் தண்ணீர் மிச்சம் இருந்தது. முகம் தெரிகிற அளவு தெளிவு. கையை விட்டு விரல்களைத் தேய்த்தாள். வழவழவென்று சோப்புப் பிசுக்கு மாதிரி ஒன்று விரலில் ஒட்டியது. அடிப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னது தன்னைத்தான். ஷெட்டில் இருக்கிற கிருமியைக் கொல்லத்தானே அந்த மருந்து, தொட்டிக்குள் போனால் மட்டும் ஆளைப் பார்த்தா கொல்லும்? ஓர் இறகு உள்ளே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவள், மருந்தை வாளி வாளியாக மொண்டு ஊற்றியிருக்கிறாள். 

ஆராய்ச்சிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ கேட்டது சரிதான் என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. இருக்கிற கெட்ட கரைசலில் முக்கால் பங்கை இறைத்து வெளியே விடச் சொன்னாள். ஐந்து டிரம் நல்ல கரைசல் கிடைத்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். குஞ்சு வர இன்னும் பதினோரு நாள்.

மூன்றாம் நாள் காலை பண்ணை வேனில் ஐந்து காலி டிரம்மை ஏற்றிக்கொண்டு கேஸக்கா புறப்பட்டாள். இரண்டு மணி நேர ஓட்டம். வேன்காரர் பேச்சுக்கொடுத்துப் பார்த்துவிட்டு, கேஸக்கா இப்படி வாயை மூடிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பயந்து ரேடியோவையும் அணைத்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவள் மனதுக்குள் நாற்பது தடவை சொல்லிப் பார்த்தாள். வீட்டு வாசலில் இறங்கியபோது நாற்பதும் மறந்துவிட்டது.

சின்னவள் கதவைத் திறந்தாள்.  பின்னால் எட்டிப் பார்த்த ஐந்து வயது மகளிடம், "பெரியம்மாவுக்குத் தண்ணி கொண்டா" என்றாள்.  பெரியம்மா என்ற சொல்லை அதுவரை ஒருவரும் கேஸக்காவைப் பார்த்துச் சொன்னதில்லை.

வயிறு கெட்டுவிட்டது, ஐந்து டிரம் கரைசல் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எப்படிக் கெட்டது என்று சின்னவள் கேட்கவில்லை. எடுத்துக்கோயேன், உன்னுதுதானே என்றாள். டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். நீலத் தீதான், ஆனால் விரல் நகத்தளவு. தண்ணீர் கொதிக்கவே அரை மணி ஆகும் போலிருந்தது. எண்பது கோழி வளர்க்கிறவள் வீட்டில் இவ்வளவு சின்னத் தீயா என்று கேஸக்கா தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

சின்னவள் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினாள். பால் பவுடர் டப்பா. பாதிக்குக் கொஞ்சம் மேலே நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.

"தினம் இந்தக் கோடு வரைக்கும் ரெண்டு டப்பா. அதுக்கு மேல போட மாட்டேன். நீ சொன்னது சரிதாங்க்கா. என் கைக்கு நிதானம் கிடையாது. எங்க அதிகமாப் போயி இதுவும் செத்துருமோன்னு பயம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி.

டீயில் சர்க்கரையை ஸ்பூனால் அளந்து, விளிம்பை விரலால் வழித்துச் சமமாக்கிப் போட்டாள். மகள் இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டியபோது, அளவுன்னு ஒண்ணு இருக்குடி என்று ஸ்பூனைக் கழுவி வைத்தாள். இவளா? தட்டை மறைக்கிற வரைக்கும் போடுகிறவளா? கேஸக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் வேன்காரர் வந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றார்.

மூவருமாக வாளியால் மொண்டு டிரம்களை நிறைத்தார்கள். கறுப்பாக, கெட்டியாக, பழைய வீட்டு வாசனையோடு வந்தது கரைசல். சின்னத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. இனி சில வாரம் சின்னவள் வீட்டு அடுப்பு அந்த நகத்தளவுகூட எரியாது.  டிரம்களுக்கு மூடி போட்டுக் கட்டியாயிற்று. கேஸக்கா ஏறி உட்கார்ந்தாள். வேன்காரர் வண்டியைக் கிளப்பினார்.

இதோ பாருங்கள், இங்கேதான் விஷயம். வேண்டியது கிடைத்துவிட்டது. சின்னவளே தன் தப்பு என்று சொல்லிவிட்டாள், அவளுக்கு மனத்தாங்கலும் இல்லை. இப்படியே போனால் தொட்டியும் பிழைக்கும், தங்கச்சி உறவும் திரும்பும், மானமும் மிஞ்சும். வேன் பத்தடி நகர்ந்தது. சின்னவள் வாசலில் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நிறுத்துங்க என்றாள் கேஸக்கா.

இறங்கி வந்து நேரே சின்னவள் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கு நீ அதிகமாப் போடல. நாலு வாளிதான் போட்டிருக்க. நான் பிடிச்சு வச்ச தண்ணிதான் வயித்தக் கெடுத்துச்சு. ஷெட்டு கழுவின தண்ணி, மருந்து இருந்திருக்கு. இப்பவும் அதே தப்ப நானே பண்ணிட்டேன். நோட்டுல என் கையெழுத்துலயே எழுதியிருக்கு."

சின்னவள் டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

"முந்தாநாளே தெரியும். டீ குடிச்சிட்டு, டிரம்ம எல்லாம் ஏத்திட்டு, அப்புறமா சொல்ற."

கேஸக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

"நாலுதான் போட்டேன்னு நான் எவ்வளவு அழுதேன். நீங்க எல்லாரும் இல்லேன்னு சொல்லச் சொல்ல, கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவ போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கேஸக்கா வெயிலில் நின்றாள். வேன்காரர் இன்ஜினை அணைத்தார். டிரம்களை இறக்கு என்று சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கிவிடுவது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். தொட்டியை மூடினால் மூடட்டும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லச் சின்னவளுக்குப் பாத்தியதை உண்டு.

சின்னவள் வெளியே வந்தாள். காலில் செருப்பு, கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு புடவையும் அந்தத் தகர டப்பாவும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, அப்பா சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார் என்று சொல்லி, கணவனுக்குப் போன் செய்து இரண்டு வாரம் வர மாட்டேன் என்றாள். பிறகு வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? யார் முன்னாடி சொன்னியோ அவங்க முன்னாடி சொல்லு" என்றாள்.

வழியெல்லாம் இருவருக்கும் நடுவில் அந்தத் துணிப்பை இருந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பேச வேண்டியபோது பேசினாள், தண்ணீர் பாட்டிலைக் கொடு, கதவைச் சாத்து என்று. அக்கா என்ற சொல்லை மட்டும் அதற்குப் பிறகு அவள் வாயில் கேட்கவில்லை.

பண்ணையில் டீ நேரம். வேலையாட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கிடங்கு நிழலில் நின்றார்கள், முதலாளியும் இருந்தார். கேஸக்கா நோட்டை எடுத்துவந்து விரித்து, இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, தங்கச்சிமேல் தப்பில்லை, அன்றைக்கும் நான்தான், இன்றைக்கும் நான்தான் என்றாள். முழுங்காமல் முழுசாகச் சொன்னாள்.

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ ஆறு வருஷமா தப்பான ஆள வேலைக்கு வச்சிருந்தேனா?" என்று கேட்டார்.

 பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"ஆளு சரியான ஆளுதான் சார். காதுதான் கேக்காது" என்றாள் சின்னவள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. குஞ்சு வர ஒன்பது நாள் இருக்கிறது, யார் பார்த்துக்கொள்வது என்றார். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் போடுறேன். நீ எழுது" என்றாள்.

அப்படியே நடந்தது. ஏற்கெனவே முக்கால் பங்கு இறைத்திருந்த தொட்டிக்குள் ஐந்து டிரம்மையும் ஊற்றினார்கள். டேங்கர் லாரித் தண்ணீரில், அதையும் ஆராய்ச்சிக்காரப் பெண் சோதித்துச் சரி என்ற பிறகு, முதல் நாள் கோடு வரைக்கும் ஒரு டப்பா. இரண்டாம் நாள் ஒன்றரை. பதினோரு வருடம் தன் கையால் போட்டவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று எழுதினாள். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று நாக்கு நுனி வரைக்கும் வரும், கடித்துக்கொள்வாள். சின்னவள் ஒவ்வொரு டப்பாவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு பார்த்து, இரண்டு தடவை எண்ணி ஊற்றுவதைக் கேஸக்கா பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்தக் கோட்டைப் போட்டது சின்னவள் இல்லை, தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் தாள் பச்சைக்கு ஏறியது. ஆறாம் நாள் ஆராய்ச்சிக்காரப் பெண் படம் கொண்டுவந்தாள்: கறுப்புக்குள் ஏழெட்டு நீலப்பச்சைப் புள்ளிகள். சகோதரிகள் இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துவிட்டு உடனே விலகிக்கொண்டார்கள். எட்டாம் நாள் மாலை குஞ்சு அறை அடுப்பு பற்றியது. நாலு அடுப்பில் இரண்டுதான் எரிந்தன, தீ மெலிவாகத்தான் இருந்தது, ஆனால் அணையவில்லை. பாதி அறையைத் தடுத்துப் படுதா கட்டினார்கள். ஒன்பதாம் நாள் பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள் வந்து இறங்கி, மஞ்சளாகச் சத்தம் போட்டுக்கொண்டு அந்தச் சூட்டைச் சுற்றி அடைந்துகொண்டன. முதலாளி வாசலில் நின்று பார்த்தார். தொட்டி பரவாயில்லையே என்றார். குழி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரை. சின்னவள் எருவைப் பொறுக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்திருந்தாள். டப்பாவை மொண்டு ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதை வெளிச்சத்தில் தூக்கிக் கோடு பார்த்தவள் அப்படியே நின்றாள். கேஸக்கா நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் இருந்தாள். தீ தாங்குமா, வயிறு தாங்குமா, இப்போதுதானே தேறியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போகட்டுமே, எத்தனை பேச்சு உள்ளே முட்டியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சின்னவள் டப்பாவைச் சுவர்மேல் வைத்தாள். வாளியைப் பிடித்து விளிம்பு தளும்ப மொண்டாள். பழைய நாளில் போலக் கொஞ்சம் காலில் சிந்தியது. அளக்காமல், எண்ணாமல், ஒரே மூச்சில் உள்ளே கவிழ்த்தாள். கரைசல் குடுகுடுவென்று இறங்கும் சத்தம் நிற்கும் வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிற, எழுது" என்றாள்.

கேஸக்காவுக்குக் கண் கலங்கி வரிகள் தெரியவில்லை. தேதியைப் போட்டாள். கீழே எழுதினாள்: "மூணு டப்பா, ஒரு வாளி. தங்கச்சி போட்டாள். தீ நீலம்." எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது, பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டது.